நாற்காலியில் வைத்த படம்

வரதன் அண்ணாவுக்குக் கேமரா ஸ்டாண்டைக் கண்டாலே ஆகாது. மூன்று காலையும் விரித்து வைத்துவிட்டு அதன் பின்னால் வாட்ச்மேன் மாதிரி நிற்பது தன் தொழிலுக்கே கேவலம் என்பார். கேமராவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்க மேய்வார். மணமேடைக்குப் போவார், அங்கிருந்து நேராகச் சமையல்கட்டுக்கு, அங்கிருந்து பந்தியில் அப்பளம் நொறுக்குகிறவரின் வாய்க்குள். அவர் எடுத்த கல்யாணத்தை டி.வி.யில் பார்த்தால் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கிற மாதிரி இருக்கும். அதைத்தான் ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. ஜனங்களும் அவரைத்தான் கூப்பிட்டார்கள், அதனால் நான் வாயைத் திறக்க முடியாது.

அந்தக் கேசட்டை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பெயர் போட்டுக் கொடுப்பது என் வேலை. என் பெயர் நாகவல்லி. ஆவடி சேக்காட்டிலிருந்து பஸ் ஏறிப் பூந்தமல்லிக்கு வருவேன். டிரங்க் ரோட்டில் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் கடை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்த வட்டாரத்தில் வீடியோவுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடை எங்களுடையதுதான் என்று வரதன் அண்ணா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விளைவு என்னவென்றால், கம்ப்யூட்டரிடம் சொன்னால் அது மாப்பிள்ளைக்குத் தலைமுடிகூட வளர்த்துக் கொடுக்கும் என்று ஊர் நம்ப ஆரம்பித்தது. கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த ஆவணியில் சென்னீர்குப்பத்துக் கல்யாணம் ஒன்றை அண்ணா எடுத்தார். பெண் சாமுண்டீஸ்வரி. அவள் அப்பா செங்கல்வராயன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். சாமுண்டீஸ்வரி கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அம்மா தாயம்மாள் இறந்துவிட்டார். செங்கல்வராயன் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தத் தெருவில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். மனுஷன் என்றால் அப்படி இருக்கணும் என்று தங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்குக் காது கேட்கிற மாதிரி பெண்கள் சொல்வார்கள்.

மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, தாயம்மாளின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அதில் வைத்திருந்தார்கள். கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, மல்லிகை மாலை போட்டு, முன்னால் ஒரு புதுப் புடவையும் வெற்றிலை பாக்கும். தாலியை அந்தப் படத்துக்குக் காட்டித்தான் எடுத்துக் கொடுத்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். பொண்ணு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதாள். வரதன் அண்ணா கேமராவோடு அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தார். நல்ல பாட்டு ஒன்றைப் பின்னால் போட்டுக் கேசட்டைக் கொடுத்து அனுப்பினோம்.

கொடுத்து நாலு நாள்கூட ஆகவில்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாமுண்டீஸ்வரி மாடிப்படி ஏறி வந்தாள். பின்னால் அப்பா. அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு முனியம்மா என்று ஒரு அம்மா, அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு. யார் முகத்திலும் ரத்தம் இல்லை. பாட்டு பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

விஷயம் பாட்டில்லை. கல்யாணத்தன்று முனியம்மா சாப்பாட்டுக் கூடத்திலேயே நின்றுவிட்டதால் மேடைப் பக்கம் சரியாக வரவில்லை. கேசட் வந்ததும் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நாற்காலி வந்ததும், இதென்ன கெங்கம்மாளுக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

கெங்கம்மாள் என்பது தாயம்மாளின் அக்கா. உயிரோடு இருக்கிறார். அரக்கோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். தாய் இல்லாத சாமுண்டீஸ்வரியைப் பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர் அவர்தான். உயிரோடு இருக்கிறவர் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டால் என்ன அர்த்தம் என்பதை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாமுண்டீஸ்வரி அந்தப் படத்தின் முன்னால் விழுந்து வேறு கும்பிட்டிருக்கிறாள்.

தாயம்மாளுக்குத் தனியாக ஒரு படமும் கிடையாது. கல்யாண போட்டோ குடிசை தீப்பிடித்தபோது போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போனபோது, அம்மாவை நடுவில் உட்கார வைத்து இரண்டு மகள்களும் இரண்டு பக்கம் நின்று எடுத்த படம். ஒருத்தி பூசின உடம்பு, ஒருத்தி ஒல்லி. செங்கல்வராயன் பூசின உடம்புக்காரியைக் காட்டி, இதைப் பெரிசாக்கு என்று ஸ்டூடியோவில் சொல்லியிருக்கிறார்.

முனியம்மா அடித்துச் சொன்னார். தாயம்மாளைத் தனக்குத் தெரியாதா, தான் அந்தத் தெருவுக்கு வாழ வந்த வருஷம் சீக்காகிப் படுத்திருந்தவளுக்குப் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றியது தான்தான், ஈர்க்குச்சி மாதிரி கிடந்தாள் என்றார். கெங்கம்மாளோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்காருகிற உடம்பு. சாமுண்டீஸ்வரியும் தலையை ஆட்டினாள். சின்ன வயதில் தான் படுத்துத் தூங்கிய பெரியம்மா மடி அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது பார்க்கப் பார்க்கப் பெரியம்மா மாதிரியேதான் இருக்கிறது என்றாள். சட்டம் போட்ட படத்தைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்களாம்.

நான் செங்கல்வராயனைப் பார்த்தேன். கையோடு கொண்டுவந்திருந்த அந்தத் திருவள்ளூர்ப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசின முகத்தைப் பார்த்தார், ஒல்லி முகத்தைப் பார்த்தார், மறுபடி முதல் முகத்துக்கு வந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டின பெண்டாட்டியைக் காட்டு என்றால் இவ்வளவு நேரமா? ஊர் முழுக்க இவருக்குப் பாட்டுப் பாடுகிறது. நீங்கள் சொல்லுங்கள் ஐயா, எது உங்கள் சம்சாரம் என்று நானே கேட்டேன்.

அவர் படத்தை மேஜைமேல் வைத்தார்.

"இவங்க சொல்றதுதாம்மா சரியா இருக்கும்," என்றார். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கீழே பஸ் போவதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கேசட்டில் தப்பாகப் பதிந்ததற்கு இவ்வளவு கலவரம் ஏன் என்று வரதன் அண்ணா கேட்டார். அப்போதுதான் சாமுண்டீஸ்வரி அழ ஆரம்பித்தாள். கெங்கம்மாளுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப் போயிருந்தது. ஆபரேஷனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவழியாகக் கட்டில் கிடைத்து, நாளும் குறித்துவிட்டார்கள். செய்யாவிட்டால் இந்த வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெங்கம்மாளுக்கோ கத்தி என்றாலே பயம். முடியாமல் கிடந்ததால் கல்யாணத்துக்கும் வரவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு இறங்கி வந்தார். நேராகச் சென்னீர்குப்பம் வருவேன், கேசட்டில் குழந்தை கல்யாணத்தைக் கண்ணாரப் பார்ப்பேன், என் தங்கச்சி படம் மேடையில் இருந்ததா என்று பார்ப்பேன், அப்புறம் ஆஸ்பத்திரியில் படுக்கிறேன் என்றார். வந்து உட்கார்ந்து தன் படத்துக்கே மாலை தொங்குவதைப் பார்த்தால் அந்த மனுஷி ஆஸ்பத்திரிப் பக்கம் காலெடுத்து வைப்பாரா? சகுனம் பார்க்காதவர்களே அப்படி ஒன்றைப் பார்த்தால் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்றார் அண்ணா. தாலி கட்டுவதே அந்த நாற்காலிக்கு முன்னால்தான் நடக்கிறது, வெட்டினால் கல்யாணமே இருக்காது என்றேன். சரி, படத்துக்கு மேலே ஒரு ரோஜாப் பூவோ இதயமோ போட்டு மறைத்துவிடு என்றார். எல்லாக் கேசட்டிலும் அவருக்கு ஒரு இதயம் வேண்டும். தங்கச்சி படம் எங்கே என்று தேடப்போகிற அம்மாவுக்கு இதயத்தைக் காட்டுவதா என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள்.

"அக்கா, அந்த மூஞ்ச எட்த்துட்டு எங்கம்மா மூஞ்ச அங்க வெச்சிட முடியுமா? நீ எது சொன்னாலும் செய்றேங்க்கா."

முடியாது என்று சொல்லப் பழகின வாய் எனக்கு. ஆனால் அண்ணா எங்கிருந்தோ வாங்கி வந்திருந்த ஒரு சி.டி.யில் அதற்கான சாப்ட்வேர் இருந்தது. விளையாட்டுக்காக ஒரு தடவை கீழேயிருந்த சைக்கிள் கடைப் போர்டில் என் பெயரை ஒட்டிப் பார்த்திருந்தேன். முயற்சி பண்ணுகிறேன் என்று சொன்னேன். முனியம்மா போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஸ்டாண்டில் வைத்து எடுத்த வீடியோவாக இருந்தால் அரை நாள் வேலை. படம் ஒரே இடத்தில் இருக்கும், மேலே புதுப் படத்தை வைத்து ஒட்டிவிடலாம். இது வரதன் அண்ணா எடுத்தது. அவர் நடந்தால் நாற்காலி ஆடும், மூச்சு விட்டால் நாற்காலி ஏறி இறங்கும். அது எப்படியெல்லாம் ஆடுகிறதோ, நான் ஒட்டுகிற முகமும் அப்படியே ஆட வேண்டும். ஒரு மயிரிழை பிந்தினாலும் முகம் சட்டத்தை விட்டுக் கழன்று மிதக்கும். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொன்றிலும் சட்டத்தின் நாலு மூலையும் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும்.

சாப்ட்வேர் அதைத் தானே கண்டுபிடிக்கும் என்றுதான் பேர். மூலையைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் வரைந்து, இதைப் பின்தொடர்ந்து போ என்று சொல்லவேண்டும். கட்டம் அடுத்த படத்தில் அந்த மூலையைத் தேடும், அதற்கு அடுத்ததில் தேடும், அப்படியே நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போகும். யாராவது குறுக்கே வராத வரைக்கும்தான் இந்தச் சமர்த்தெல்லாம். கல்யாண மேடையில் குறுக்கே வராதவர் யார்? ஒரு மாமா தட்டோடு குறுக்கே போனார். கட்டம் மூலையை விட்டுவிட்டு அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. தாயம்மாள் முகம் அவர் வயிற்றோடு மண்டபத்தைக் கடந்து பந்திக்குப் போனதைப் பார்த்து அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போட்டோக்காரர் பிளாஷ் அடித்தால் படமே வெளுத்துவிடும், கட்டம் அந்த வெளுப்பில் திக்குத் தெரியாமல் யாருடைய மூக்குத்தியிலோ போய் உட்காரும். நான் போய்க் காதைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி மூலையில் விடவேண்டும்.

அது மட்டுமா, ஹார்ட் டிஸ்கில் ஒரு சின்னத் துண்டுதான் கொள்ளும். ஒரு துண்டை ஏற்றி, முடித்து, திரும்ப டேப்பில் இறக்கி, அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றவேண்டும். நடுவில் கரண்ட் போனால் செய்ததெல்லாம் போச்சு. கரண்ட் போகும்போதெல்லாம் அண்ணா என் கண்ணில் படாமல் டீக்கடைக்குப் போய்விடுவார்.

இவ்வளவும் செய்த பிறகு பார்த்தால் முகம் பொய்யாக இருந்தது. ஸ்கேன் செய்த முகம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, சுற்றியிருக்கிற வீடியோ கலங்கலாக இருக்கிறது. கேமரா வேகமாகத் திரும்பும்போது சட்டம் இழுபடுகிறது, முகம் மட்டும் இழுபடாமல் முறைக்கிறது. ஆகவே முகத்தைக் கொஞ்சம் கலக்கினேன், கேமரா திரும்புகிற இடத்தில் கூடக் கலக்கினேன். கண்ணாடியில் விழுந்த வீடியோ லைட்டின் வெளுப்பைப் பழைய படத்திலிருந்து எடுத்துப் புதுசின் மேல் போட்டேன். சந்தனப் பொட்டைத் திரும்ப வைத்தேன்.

மாலைதான் என் உயிரை வாங்கியது. மல்லிகைச் சரம் படத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டு, மின்விசிறிக் காற்றில் ஆடியது. முகம் மாலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். சரம் சரியாக முகத்தின் இடது காது இருக்கிற இடத்தில் வந்து இடித்தது. அந்த ஒல்லிப் பெண்ணுக்கு இடது காது கொஞ்சம் வெளியே மடங்கி நிற்கும், வலது காது ஒட்டியிருக்கும். கைக்கு அடக்கமான அந்தக் குரூப் போட்டோவில் அதெல்லாம் தெரியாது. பெரிதாக்கினதில் எனக்குத்தான் தெரிந்தது. பூவுக்கும் காதுக்கும் நடுவே ஒவ்வொரு படத்திலும் ஓரம் வெட்டினேன். அந்தக் காதைத் திட்டாத நாள் இல்லை. கெங்கம்மாள் வருவதற்கு முதல் நாள் வேலை முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன். அந்த முகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வரதன் அண்ணா எப்படி ஆட்டினாலும் அது அங்கேயே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு யாராவது இதைச் செய்து காட்டட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கடையின் வீடியோ டெக்கையும் கேசட்டையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு சென்னீர்குப்பம் போனேன். அவர்களிடம் சொந்த டெக் இல்லை, வாடகைக்குக் கேட்டிருந்தார்கள். அண்ணாவே போயிருக்கலாம். ஆனால் என் வேலையைப் பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

கூடத்தில் செங்கல்வராயன், சாமுண்டீஸ்வரி, மாப்பிள்ளை, முனியம்மா, இன்னும் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர். சுவரோரம் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, ரவிக்கைக் கை தொளதொளவென்று கிடந்தது. வாசலை அடைக்கிற உடம்பைத் தேடிக்கொண்டு வந்தவள் நான். கெங்கம்மாள் இன்னும் வரவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சாமுண்டீஸ்வரி, பெரிமா, கம்ப்யூட்டரில் எல்லாம் செய்கிறது இந்த அக்காதான் என்று அந்த அம்மாவிடம் என்னைக் காட்டினாள். சாப்பிட்டாயா கண்ணு என்று அவர் என்னைக் கேட்டார்.

கேசட் ஓட ஆரம்பித்தது. ரோஜாப் பூ சுற்றி வந்து பெயர்கள் விழுந்தன. நலங்கு, வளையல், காரிலிருந்து மாப்பிள்ளை இறங்குவது. கெங்கம்மாள் ஒவ்வொரு முகத்தையும் யார் எவர் என்று கேட்டுக்கொண்டு பார்த்தார். நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் குனிந்து, முகத்தில் விழுந்த முடியை எடுத்து இடது காதுக்குப் பின்னால் செருகினார்.

முடி அங்கே நிற்கவில்லை. காது வெளியே மடங்கியிருந்தது.

நான் அந்தக் காதைப் பார்த்தேன், பிறகு நெற்றியைப் பார்த்தேன், புருவத்தையும் உதட்டையும் பார்த்தேன். வியாதி சதையையெல்லாம் தின்றுவிட்டு, அந்தத் திருவள்ளூர் போட்டோவில் நின்ற ஒல்லிப் பெண்ணைத் திரும்ப வெளியே கொண்டுவந்திருந்தது. கூடவே இருக்கிறவர்களுக்கு அது நோய். முன்பின் பார்க்காத எனக்கு அது முகம். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை விழக்கூடாது என்று கதறி வந்தவர்களுக்கு, அதே மாலையை நான் உயிரோடு இருக்கிறவர் கழுத்தில் அவ்வளவு சுத்தமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். டி.வி.யில் மேடை வரப்போகிறது.

எழுந்து டெக்கை நிறுத்தினேன். ஹெட்டில் அழுக்கு, படம் கலங்கும், துடைக்கவேண்டும் என்றேன். ஒரு நல்ல துணி கொடுங்கள் ஐயா என்று செங்கல்வராயனைக் கூப்பிட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே அடிபம்புக்குப் பக்கத்தில் வைத்து அவரிடம் அந்தக் காதைப் பற்றிச் சொன்னேன். முனியம்மா பார்த்தது சீக்காகிப் படுத்த தாயம்மாளையும் பிற்பாடு உடம்பு வைத்த கெங்கம்மாளையும்தான், வயசுக் காலத்தில் யார் ஒல்லி யார் குண்டு என்று அவருக்குத் தெரியாது, நீங்கள் முதலில் ஸ்டூடியோவில் காட்டினதுதான் சரி என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாகப் பார்த்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். ஒரு வாரம் அந்தக் காதோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்றேன்.

"நான் தெரிஞ்சிதாம்மா காட்னேன்," என்றார். "எல்லாரும் சேந்துகினு இல்லன்னாங்க. பொண்ணும் இல்லன்னுச்சி. அன்னிலேந்து கண்ண மூடுனா எனக்கு அவ மூஞ்சியே வரல. இத்தினி வருசம் வந்துகினு இருந்துது."

அவரைப் பற்றிக் கடையில் நான் நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. டெக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விடட்டுமா, நாளைக்குள் ஏதாவது யோசிக்கலாம் என்று கேட்டேன். ஏனென்றால் நான் சொன்னது தப்பாக இருந்து, பழைய கேசட்டைப் போட்டால், அந்த அம்மா தன் படத்துக்கு மாலை தொங்குவதைத்தான் பார்ப்பார். என் ஒருத்தி கண்ணை நம்பி அதைச் செய்யச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவர் அடிபம்பில் முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போய், பீரோவைத் திறந்து, சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பழைய கேசட்டை எடுத்தார். டெக்கில் இருந்ததை வெளியே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் பழையதைத் தானே போட்டார். சாமுண்டீஸ்வரி பார்த்துவிட்டாள். ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது பழசு நைனா, பழசு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். விடும்மா என்றார். அவர் அந்தப் பெண்ணின் கையை உதறினது அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் முகம் அப்படிப் போயிற்று.

மேளம் கேட்டது. வரதன் அண்ணாவின் கேமரா தள்ளாடிக்கொண்டே மேடை ஏறியது. ஐயர், புகை, மாப்பிள்ளையின் முழங்கை, பிறகு நாற்காலி. பூசின முகம், சந்தனப் பொட்டு, மல்லிகை மாலை. சாமுண்டீஸ்வரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். முனியம்மா எழுந்து வாசல்படிக்குப் போய்விட்டார்.

கெங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளை தாங்கப் போனதைத் தள்ளிவிட்டு டி.வி.க்குக் கிட்டே போனார். போய் அந்தக் கண்ணாடியில் கை வைத்தார்.

"தாயி," என்றார். "அப்டியே கீறாளே."

கேமரா நாற்காலியைச் சுற்றி வந்தது. அதற்குத் தகுந்தபடி கெங்கம்மாளின் கையும் கண்ணாடியில் நகர்ந்தது.

"இது அம்மாகூட திருவள்ளூர்ல புடிச்ச படந்தானே? அதுல நான் பக்கத்துல குச்சியாட்டம் நிப்பேன். எங்க ரெண்டு பேர்ல இவதான் பூசுனாப்பல இருப்பா." அவர் திரும்பி எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். பார்த்தாயிற்று, அது போதும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிடுங்கள் என்றார். பிறகு செங்கல்வராயன் பக்கம் திரும்பினார்.

"மறக்காம இட்டாந்து குந்த வெச்சிக்கீறியே, தம்பி."

செங்கல்வராயன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

"நான் மறந்துட்டேன்னு சொன்னாங்க்கா."

"யாரு சொன்னது?" என்று கேட்டார் கெங்கம்மாள்.

நான் கையிலிருந்த புதுக் கேசட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.